முன்னே வரும் கால்

ஜூன் 11, செவ்வாய்

கொடியில் போட்ட துணியெல்லாம் வேலிக்கருவை முள்ளில் கிடக்கிறது. கச்சான் காற்று எழுந்துவிட்டது. இனி ஆவணி வரை தண்ணீர்ப் பானைத் தட்டின்மேல் கல் வைக்க வேண்டும், சோற்றில் மணல் நறநறக்கும். வைய வாய் வருகிறது. ஆனால் இந்தக் காற்றில்தான் எங்கள் சோறே வருகிறது.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கீற்று வேய்ந்த இரண்டு அறை, ஒரு சாமான் கொட்டகை. என் வீட்டுக்காரர் அதற்குக் ‘காற்றுவீடு’ என்று பெயர் எழுதி மாட்டியிருக்கிறார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு விங் ஃபாயில் சொல்லிக்கொடுக்கிறார். கையில் காற்றடைத்த சிறகு ஒன்று, அது விங். காலடியில் பலகை. பலகைக்கு அடியில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் தண்ணீருக்குள் விரிந்திருக்கும் இன்னொரு சிறகு, அது ஃபாயில். வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு முழங்கால் உயரம் எழும்பிச் சத்தமில்லாமல் போகும். “பேதுரு கடல்மேல ரெண்டு எட்டு நடந்துட்டு முங்குன மாதிரி இல்லாம, இவன் பறக்குறானாக்கும்” என்பார் ரொசாரி மதினி. வீட்டுக்காரரின் அக்கா.

சாமான் வாங்குவது என் வேலை. நான் பத்தாவதோடு நின்றவள். மகள் ஜெனிலா நர்சிங் படிக்க மதுரைக்குப் போனபோது விட்டுப் போன மடிக்கணினியில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு விலைப்பட்டியல்களைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டேன். அவருக்குக் கடல் தெரியும். எனக்கு அளவு தெரியும். அப்படித்தான் இந்த இரண்டு மூன்று வருஷமும் ஓடியது.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்.

“ரெஜி, ஒரு செட்டு சாமான் பாக்கணும். பலகை, ஃபாயில், விங் எல்லாம் புதுசா.”

“யாருக்கு?”

“ஒரு கஸ்டமருக்கு. கத்து முடிச்ச ஆளு. ஆனா முழுசாப் பழகல. நடுவாந்தரம்.”

“எடை?”

“அம்பத்து நாலு.”

மீன்முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மற்ற ஆட்களுக்கு எடை கேட்டால், “ஒல்லியாத்தான் இருப்பான், நீயே பாத்துப் போடு” என்பார்.

சீலா மீன் அரைக் கிலோ. தேங்காய் இரண்டு. அந்தோனியாருக்கு மெழுகுவத்தி.

ஜூன் 12, புதன்

சாமான் தேர்வில் நடுவாந்தர ஆள்தான் கஷ்டம். புதிதாகக் கற்க வருகிறவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வார், அவருக்குப் பெரிய பலகை, தோணி மாதிரி. தேர்ந்தவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். நடுவில் இருப்பவர் தன் எடையைச் சரியாகச் சொல்வார், திறமையைக் கூட்டிச் சொல்வார். தான் இருக்கும் படிக்கு இல்லாமல், ஏறப்போகும் படிக்குச் சாமான் கேட்பார். வாங்கிக்கொண்டு போய் விழுந்து விழுந்து, கடைசியில் கடலையே வெறுத்துவிடுவார்.

அதனால் நான் கேள்வி கேட்காமல் ஒன்றும் வாங்குவதில்லை. எடை, முன்கால் எது, என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்குப் பயம். ஐம்பத்து நாலு கிலோவுக்கு, கற்கும்போது நூறு லிட்டர் கனஅளவுப் பலகையில் நின்றிருப்பார். இப்போது எழுபதை ஒட்டி வரலாம். எடைக்குமேல் பதினைந்து, இருபது லிட்டர் மிச்சம் இருந்தால் காற்று விழும்போதும் பலகை ஆளைத் தாங்கும்.

ஜூன் 13, வியாழன்

அந்தோனியார் திருநாள். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர். என்ன தொலைந்தது என்று தெரியாமலே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூன் 15, சனி

இன்றைக்கு முன்காலைக் கேட்டேன். அவர் விங்கின் ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இடது” என்றார். “ஆனா திரும்புறப்போ கால மாத்தணும்ல, அங்கதான் பயம். வலது முன்னால வந்தாப் போதும், கண்ண மூடிக்கிரும்.”

முன்கால் எது என்று ஓட்டுகிறவரிடமே வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பலகையில் எந்தக் கால் முன்னே நிற்கும் என்று ஆளுக்கே தெரியாது. மணலில் நிறுத்தி, பின்னாலிருந்து முதுகில் லேசாகத் தள்ள வேண்டும். விழாமல் இருக்க எந்தக் கால் தானாக முன்னே வருகிறதோ அதுதான். சொல்லாமல் தள்ள வேண்டும், சொன்னால் ஆள் யோசித்துவிடுவார். ஒரு தடவை போதும். இது அவருடைய விதி, வருகிற எல்லோருக்கும் செய்வார்.

மாசி மாதம் நான் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து மாதம் முழுக்கத் தங்கியிருந்தது. மிருணாளினி என்று பெயர். மீன் சாப்பிடாது, அதற்காகத் தனியாக வாழைக்காய் வறுப்பேன். என் கடைவாய்ப் பல் வலியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அதுவாக என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, மாத்திரை கொடுத்து, பிறகு ராமநாதபுரம் வரை கூட்டிப்போய் அடைத்துவிட்டது. “அக்கா, இனிமே இந்தப் பக்கமும் மெல்லலாம்” என்றது. நல்ல பிள்ளை.

அதை அவர் மணலில் நிறுத்தித் தள்ளினார். இடது கால் வந்தது. மறுபடி தள்ளினார். சிரித்தார்கள். மறுபடியும் தள்ளினார்.

எழுத வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். சாமான் விஷயம்: முன்கால் இடது, திரும்பப் பயம். அதனால் அகலமான பலகை.

ஜூன் 18, செவ்வாய்

பலகையில் கால் நுழைக்கிற வார் மாட்ட வேண்டுமா என்று கேட்டேன். மாட்டணும் என்றார்.

“கால் அளவு?”

“அஞ்சு.”

சின்னக் கால் உள்ள ஆண்களும் உண்டு.

ஈஸ்டருக்கு அவர் எனக்கு வாங்கி வந்த செருப்பு எட்டாம் நம்பர். என் கால் ஆறு. குதிகாலில் பஞ்சு ஒட்டி, அதைப் போட்டுக்கொண்டுதான் கோவிலுக்குப் போகிறேன். செருப்பு நல்ல செருப்பு, வார் இன்னும் அறுந்துபோகவில்லை.

ஜூன் 22, சனி

ரொசாரி மதினி காலையிலேயே வந்துவிட்டார். நான் கொட்டகையில் பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன். உப்பு நின்றால் திருகு இறுகிவிடும்.

“ஊரே பேசுது. நீ பலகையத் தொடச்சுக்கிட்டு இரு” என்றார்.

“என்ன பேசுது மதினி?”

“மாசிலேருந்து ஏழு தடவ ராம்நாட்டுக்குப் போயிருக்கான். ராம்நாட்ல என்ன, கடலா இருக்கு?”

“சாமான் எடுக்கப் போயிருப்பாக.”

“சாமான் வரவழைக்கிறது நீ. லாரி வர்றது இந்த வாசலுக்கு. அவன் எந்தச் சாமான எடுக்கப் போறான்?”

“அவுக உங்க தம்பி மதினி.”

“அதனாலதாண்டி சொல்றேன். எங்கப்பன் ரெண்டு வீட்டுல சோறு தின்ன ஆளு. மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரியும். தின்னுட்டு வந்தவன் ரெண்டாந்தரம் தின்னுறப்போ ஒரு மூஞ்சி வச்சிருப்பான் பாரு.”

பாறைக் கருவாடு இருந்தது, கொடுத்தனுப்பினேன். அவர் போன பிறகு ஒரே பலகையை இரண்டு முறை கழுவிவிட்டேன். நல்ல தண்ணீர் வீண்.

ஜூன் 25, செவ்வாய்

விங்கில் கண்ணாடித்தாள் வைத்த சன்னல் ஒன்று இருக்கும், எதிரே வருகிற ஆளைப் பார்க்க. சிலர் வேண்டாம் என்பார்கள், அது இல்லாவிட்டால் எடை குறையும். இந்த ஆளுக்கு வேண்டுமா என்று கேட்டேன்.

“கண்டிப்பா வேணும். பெரிய சன்னலா இருக்கணும். கண்ணாடியக் கழட்டிட்டா கரையே தெரியாது.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காற்றளவைக் கேட்டேன். கச்சானில் பதினெட்டு, இருபது நாட் என்றார். ஐம்பத்து நாலு கிலோவுக்கு நாலு மீட்டர் விங் சரி.

அந்தப் பல் டாக்டர் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருக்கும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர்.

நான் கேட்கிற ஒன்றுக்கும் அவர் தடுமாறுவதில்லை. கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் எந்த ஆளைப் பற்றியும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. என் எடை என்ன என்று கேட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. எனக்கே தெரியாதே.

ஜூன் 29, சனி

இராயப்பர், சின்னப்பர் திருநாள். வள்ளங்களுக்கெல்லாம் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். எங்கள் பலகைகளுக்கும் தெளித்தார். பக்கத்தில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். என்ன வேண்டினாரோ.

ஜூலை 1, திங்கள்

தேர்வு முடிந்தது. எழுதி வைக்கிறேன்.

பலகை எழுபத்திரண்டு லிட்டர், அகலக்கட்டு. விங் நாலு மீட்டர், பெரிய சன்னல். தண்டு எழுபத்தைந்து சென்டிமீட்டர். அதைவிட உயரம் வைத்தால் விழும் உயரமும் கூடும், இன்னும் திரும்பக் கற்காதவருக்கு எதற்கு? ஃபாயிலில்தான் அதிக நேரம் செலவழித்தேன். ஆயிரத்து நூற்றைம்பது சதுர சென்டிமீட்டர் அளவு எடுத்தேன். மெதுவாகப் போனாலும் தூக்கிப் பிடிக்கும், திரும்பும்போது தடுமாறினால் மன்னிக்கும். இந்த ‘மன்னிக்கும்’ என்ற சொல் பட்டியலிலேயே இருக்கிறது. முதல்முறை படித்தபோது அகராதியைப் பார்த்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று.

அவரிடம் காட்டினேன். ஃபாயிலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“இது எதுக்கு இம்புட்டுப் பெருசு? மெட்ராஸ் டீலர்ட்ட எழுநூத்தி இருபது ஒண்ணு பாதி விலைக்குக் கெடக்குல்ல, நீலக் கலர்ல. அதப் போடு.”

“அது மெல்லிசுங்க. வேகம் இல்லேன்னா தூக்காது. திரும்புறப்போ சட்டுனு விட்டுரும்.”

“நான் பக்கத்துலதான இருப்பேன். அந்த நீலம் அவளுக்குப் புடிக்கும்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போய் இறக்கினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடலுக்குப் போனார். பால் அரை லிட்டர் வீண்.

ஜூலை 3, புதன்

எழுநூற்றிருபதைப் போட்டு ஆர்டரை நிரப்பி வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் போதும். இன்னும் அழுத்தவில்லை.

போன வருஷம் ஒருவர் சொந்தச் சாமானோடு வந்தார். அவரும் நடுவாந்தரம்தான், ஃபாயில் மெல்லிசு. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஃபாயிலின் நுனி தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது. பிடி விட்டுப்போய், ஆள் பலகைக்கு முன்னால் விழுந்தார், ஃபாயில் அவர்மேல் வந்தது. கத்தி மாதிரி விளிம்பு அதற்கு. தொடையை நான்தான் என் சேலையைக் கிழித்துக் கட்டினேன். வெள்ளையாக உள்ளே தெரிந்தது எலும்பா கொழுப்பா என்று இன்றுவரை தெரியாது.

மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்று எங்கள் கல்யாணப் பூசையிலேயே வாசித்தார்கள். பணிவது இவ்வளவு சுலபமாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் கேட்டதைத்தானே வாங்குகிறேன்? விலையும் பாதி. யார் வந்து என்னைக் கேட்பார்கள்? அந்தப் பிள்ளைக்கும் அந்த நீலம்தானே பிடிக்கும்.

புளிக்குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஜூலை 4, வியாழன்

இன்றும் அழுத்தவில்லை. அழிக்கவும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

முதல் வெள்ளி. காலைப் பூசைக்குப் போனேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பிரசங்கம் என்ன என்றுகூட நினைவில்லை. நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து முழங்காலில் இருந்தபோது, நாக்கு தானாக அந்தக் கடைவாய்ப் பல்லுக்குப் போனது. தடவிப் பார்த்தது. வலி இல்லை. மாசியிலிருந்தே வலி இல்லை.

வீட்டுக்கு வந்து, தலையிலிருந்த முக்காட்டை எடுக்காமலே, எழுநூற்றிருபதை நீக்கிவிட்டு ஆயிரத்து நூற்றைம்பதைப் போட்டு அனுப்பிவிட்டேன். கூடவே தலைக்கவசம் ஒன்று, நெஞ்சுக்கவசம் ஒன்று. அவர் கேட்கவில்லை. அவை என் கோழிமுட்டைக் காசில்.

பிறகு கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வருமென்றுதான் போனேன். பழைய விங் ஒன்றிலிருந்து காற்று இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வால்வை இறுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

பெட்டி வந்தது. கார்மேல் மாதா திருநாள். அவரே ஓடிவந்து பிரித்தார், கிறிஸ்துமஸ் பிள்ளை மாதிரி. ஃபாயிலைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

“நான் சொன்னது என்ன, நீ போட்டது என்ன?”

“நீலம் தீந்துபோச்சுன்னாக. டீலரே சொன்னாரு.”

“ஒரு வார்த்த கேக்க மாட்டியா?”

“நீங்க கடல்ல இருந்தீங்க.”

கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ம். இதுவும் மோசமில்ல. விழாம ஓட்டலாம்” என்றார், தனக்குத்தானே.

டீலர் அப்படிச் சொல்லவில்லை. பொய். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

மெட்ராஸ் பக்கம் ஒரு கடற்கரையில் புதிதாக இடம் போடப்போகிறாராம். பார்ட்னர் கிடைத்திருக்கிறதாம். சீசன் முடியும் வரை அங்கே, முடிந்ததும் இங்கே.

“இங்க வர்ற ஆளுகளுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?” என்றேன்.

“ரூமுக்கு மட்டும் ஆள எடு. சமச்சுப் போடு. அதுல ஓடிரும்.”

“எப்பப் போறீங்க?”

“நாளைக்கு வெள்ளன.”

“பார்ட்னர் யாருங்க?”

தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்குத் தெரியாத ஆளு” என்றார்.

சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

ஜூலை 20, சனி

வேனில் சாமானை ஏற்றியது நான்தான். ஃபாயிலின் விளிம்பை என் பழைய நூல்சேலையால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன், ஏற்றி இறக்கும்போது யார் கையையும் அறுக்கக் கூடாது. திருகுகளுக்குக் கிரீஸ் தடவி, திருகு முடுக்குகிற அலன் கீயை விங் பையின் சின்ன அறையில் போட்டேன். காலில் கட்டுகிற கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அறாது.

அவருடைய பெட்டியை அவரே அடுக்கிக்கொண்டார். மூடும்போது பார்த்தேன். கிறிஸ்துமஸ் சட்டை இருந்தது. வாடைக்குப் போர்த்துகிற கம்பளியும் இருந்தது. கச்சான் முடிந்ததும் வருகிறவருக்குக் கம்பளி எதற்கு? மெட்ராஸ் பக்கம் மழை அதிகமாக இருக்கலாம்.

கிளம்பும்போது நெற்றியில் சிலுவை வரைந்தேன். எப்போதும் கடலுக்குப் போகும்போது வரைவதுதான். தலையைக் குனிந்து கொடுத்தார்.

“ஜெனிலாட்ட நானே பேசிக்கிறேன்” என்றார்.

“சாப்பிட்டுக்கங்க” என்றேன். வேறென்னவோ சொல்ல வாயெடுத்தேன், இதுதான் வந்தது.

வேன் தார்ரோட்டில் ஏறி மறைகிற வரை வாசலில் நின்றேன். பிறகு கொடியில் பார்த்தால் அவருடைய துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மறந்துவிட்டார். மடித்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி கொடியிலேயே போட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

ஜெனிலா பேசினாள். “அப்பா ஏம்மா போன எடுக்க மாட்டேங்காரு?” என்றாள். கடலில் இருப்பார் என்றேன். “இருட்டுனப்புறமுமா?” என்றாள். பரீட்சை எப்போது என்று கேட்டேன். தேதியைச் சொல்லிவிட்டு, “அம்மா, நீங்க சாப்பிடுறீங்களா?” என்றாள். என் பேச்சு என் பிள்ளைக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

முதல் வெள்ளி. பாவசங்கீர்த்தனம். சாமியார் வயதானவர், காது மந்தம், அதனால் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் வரிசையில் ரொசாரி மதினி.

“ஒரு பொய் சொன்னேன் சாமி. வீட்டுக்காரர்ட்ட.”

“அந்தப் பொய்யால யாருக்கும் கெடுதலா?”

“இல்ல சாமி. ஒரு பிள்ள விழாம இருக்கணும்னு சொன்னேன்.”

“வேற?”

“அதுக்கு முன்னால, விழட்டும்னு ரெண்டு நாள் நெனச்சேன்.”

“விழுந்துச்சா?”

“விழாத சாமானத்தான் வாங்கிக் குடுத்தேன் சாமி.”

“அப்புறம் ஏம்மா அழுவுற?”

நான் அழுகிறேன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முழு ஜெபமாலையாகவே சொல்லி முடித்தேன். மதினி வெளியே காத்திருந்தார்.  என் செருப்பைப் பார்த்தார், பஞ்சு வெளியே வந்திருந்தது. குனிந்து, விரலால் உள்ளே தள்ளிவிட்டார். அவருக்கு முழங்கால் வலி, சாதாரணமாகக் குனியவே மாட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கூப்பிட்டார். பதினைந்து நாளுக்குப் பிறகு.

“ரெஜி, அலன் கீய எங்க வச்ச?”

“விங் பையில, சின்ன அறையில.”

தேடுகிற சத்தம். பிறகு, “ஆ, இருக்கு” என்றார். அங்கேயும் காற்று பலமாக அடிக்கிறது, பாதி வார்த்தை கேட்கவில்லை.

“அந்தப் பெரிய ஃபாயிலு நல்லதாப் போச்சு” என்றார். “ஒரு தடவகூட விழல. நேத்துத் திரும்பியாச்சு, ரெண்டு பக்கமும்.”

யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பும் மூச்சிரைப்புமாக, தண்ணீரை விட்டு அப்போதுதான் ஏறிவந்த குரல். “கில்பர்ட், டீலர்கிட்டதான பேசுற? செலக்‌ஷன் சூப்பர்னு சொல்லு. தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு.”

எங்கள் கல்யாணம் முடிந்து இத்தனை வருஷத்தில் நான் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

 அவர் என்னிடம், “தேங்க்ஸ் சொல்லச் சொல்லுறாக” என்றார்.

“சரிங்க” என்றேன். “உப்புத்தண்ணி போக அலசி வைக்கச் சொல்லுங்க. திருகு இறுகிரும்.”

போனை வைத்த பிறகும் வெகுநேரம் காதில் காற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

கொடியிலிருந்த துண்டைத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கொட்டகையைக் கூட்டினேன். அவர் எடுத்துப்போகாத சாமான் ஒரு மூலையில் கிடக்கிறது: பழைய நூறு லிட்டர் பலகை, ஒட்டுப் போட்ட அஞ்சு மீட்டர் விங், முதன்முதலில் வாங்கிய பெரிய ஃபாயில். வருகிறவர்களை நிறுத்துகிற எடைமெஷினும் இருந்தது. தூசியைத் துடைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏறி நின்றேன். அறுபத்தொன்று.

சேலைக்கு ஒரு கிலோ கழித்தால் அறுபது.

ஆகஸ்ட் 7, புதன்

ரொசாரி மதினி மத்தி கொண்டுவந்தார். ஆய்ந்து முடித்ததும், “மதினி, வெளிய மணலுக்கு வாங்க. என்னப் பின்னாலருந்து தள்ளுங்க” என்றேன்.

“என்னத்துக்குடி? பேய் புடிச்சிருச்சா?”

“தள்ளுங்களேன்.”

“இந்தக் குடும்பத்துல உன்னத் தள்ளாத ஆளு நான் ஒருத்திதான். என்னையும் தள்ளச் சொல்றியே.”

சொல்லிக்கொண்டே தள்ளினார். நான் அசையவில்லை. மறுபடி தள்ளினார், இரண்டு கையாலும், மீன் வாடை அடிக்கிற கையால். மணலில் என் இரண்டு குதிகாலும் புதைந்ததுதான் மிச்சம்.

“கல்லு மாதிரில நிக்கிற” என்றார். மூச்சு வாங்கினார். “எதுக்குத்தான் இது?”

“ஒண்ணுமில்ல மதினி. எந்தக் கால் முன்னால வருதுன்னு பாக்கத்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே சாத்தி வைத்திருந்த பழைய பலகையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். ஏதோ ஏசப்போகிறார் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பால் என் முதுகில் ஒட்டியிருந்த செதிளைத் துடைத்துவிட்டு, “மத்தி கெட்டுப்போகும், வா” என்றார்.

சொல்லிவிட்டுத் தள்ளினால் கால் வராது. தள்ளப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் உடம்பு ஊன்றிக்கொள்கிறது. ஜூன் மாதத்திலிருந்தே ஊன்றிக்கொண்டுதானே நிற்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். சப்பரம் பார்க்க நல்ல கூட்டம். அவர் வரவில்லை. இருபத்தொரு வருஷமாகச் சப்பரத்தின் வலப்பக்கத் தண்டு அவர் தோளில் இருக்கும். இந்த வருஷம் வேறொருவர் தோளில் இருந்தது. மாதா கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தாள்.

மாதாவின் குகைக் கெபிக்கு முன்னால், நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து யாரோ தெரியாமல் தள்ளிவிட்டார்கள்.

வலது கால்.